கவர் ஸ்லிப் அடுக்கில் ஒளி அடைபடுவதை அளப்பது எப்படி

நுண்ணோக்கியில் மாதிரியை மூடப் பயன்படும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் ஒன்றை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தால் அங்கே கண்ணாடி இருப்பதே சரியாகத் தெரியாது. அதே துண்டுகளை நூறு எண்ணி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அடுக்கு வெள்ளித் தகடு போலப் பளபளக்கும், முகம் பார்க்கலாம், மறுபக்கத்துக்கு ஒளி ஏறக்குறைய போகவே போகாது. உலோகமும் இல்லை, சாயமும் இல்லை. ஒளியை விழுங்க உள்ளே ஒன்றுமே இல்லாதபோது அது ஏன் கடந்து போகவில்லை என்பதுதான் கேள்வி.

ஒழுங்கில்லாத ஊடகத்தில் அலை பரவாமல் ஓரிடத்திலேயே அடைபட்டு நின்றுவிடும் என்று பிலிப் ஆண்டர்சன் 1958-இல் எலக்ட்ரான்களுக்காகக் காட்டினார். 1977-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மின்காந்த அலைக்கும் இது பொருந்தும் என்று 1980-களில் சஜீவ் ஜான் எழுதினார். வெள்ளைப் பெயின்டில் இது நடக்குமா என்று ஆண்டர்சனே 1985-இல் ஒரு கட்டுரையில் அலசினார். பெயின்ட் போன்ற முப்பரிமாணப் பொருளில் ஒளி உண்மையில் அடைபடுகிறதா என்ற வழக்கு நெடுநாள் இழுபட்டது. அடுக்குப் பொருளில் அந்த வழக்கே கிடையாது. ஒளி முன்னும் பின்னும் மட்டுமே போகமுடிகிற இடத்தில் ஒழுங்கின்மை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அலை அடைபட்டே தீரும். கேள்வி எத்தனை அடுக்குக்குள் என்பது மட்டும்தான். ஒளிபுகும் தகடுகளின் அடுக்கை இந்தக் கோணத்தில் தெளிவாக விளக்கியவர்கள் மைக்கேல் பெர்ரியும் சூசன்னே க்ளைனும், 1997-இல். இங்கே சொல்லும் கணக்கு அந்த வழியில் வருவது.

கதிராக நினைத்தால் வரும் பிழை

கவர் ஸ்லிப் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52. காற்றிலிருந்து நேர்க்குத்தாக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் 4.26 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு துண்டுக்கு இரண்டு பரப்பு. உள்ளே முன்னும் பின்னும் துள்ளும் கதிர்களின் செறிவை மட்டும் கூட்டினால் ஸ்டோக்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே தந்த விடை வரும்: ஊடுருவும் பங்கு துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ தலைகீழ் விகிதத்தில் குறையும். 10 துண்டுக்கு 0.53, 40 துண்டுக்கு 0.22, 100 துண்டுக்கு 0.10. மெதுவான சரிவு.

"துண்டுகளின் தடிமன் கண்டபடி மாறுகிறது, கட்டங்கள் (ஊசலாட்டத்தில் அலை எந்த நிலையில் நிற்கிறது என்பவை) கலைந்துவிடும், அதனால் குறுக்கீட்டை மறந்துவிட்டுச் செறிவைக் கூட்டினால் போதும்" என்பதுதான் இதன் பின்னாலுள்ள வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. ஒரு பாதை முதலில் மூன்றாம் துண்டுக்குள் ஒருமுறை முன்னும் பின்னும் துள்ளி, பிறகு அதை அடுத்த இடைவெளியில் துள்ளுகிறது என்று வையுங்கள். இன்னொரு பாதை அந்த இடைவெளிவரை போய்த் துள்ளி, மூன்றாம் துண்டைக் கடந்து திரும்பி வந்து துள்ளி, பிறகு வெளியேறுகிறது. இப்படிப்பட்ட பாதைகளில் வரிசைதான் வேறே தவிர, ஒவ்வொரு அடுக்கையும் ஒரே எண்ணிக்கையில் கடந்த இணைகள் ஏராளமாக இருக்கும். அவற்றின் மொத்த நீளம் மயிரிழைகூட மாறாது. தடிமன் எப்படி இருந்தாலும் அவை எப்போதும் கட்டம் மாறாமல் சேர்ந்தே வரும். அவற்றைச் செறிவாகக் கூட்டக்கூடாது, வீச்சாக (அலையின் உயரமாக) கூட்டவேண்டும். கதிர்க் கணக்கு தொலைப்பது இதைத்தான்.

அலையாக எடுத்துச் செய்தால் விடை இன்னும் எளிது. இரண்டு பகுதிகளை அருகருகே வைத்தால், சேர்ந்த ஊடுருவல் என்பது தனித்தனி ஊடுருவல்களின் பெருக்கலை, இடையில் நடக்கும் சுற்றுத்துள்ளலுக்கான ஒரு காரணியால் வகுத்தது. அந்தக் காரணியின் மடக்கையை எல்லாக் கட்டங்களுக்கும் சராசரி எடுத்தால் சரியாகப் பூஜ்யம் வரும். தோராயமாக இல்லை, சரியாக. ஆகவே ஊடுருவலின் மடக்கை, சராசரியில், பரப்புக்குப் பரப்பு வெறுமனே கூடிக்கொண்டே போகும். ஒரு பரப்புக்கு இயல் மடக்கை −0.0435, ஒரு துண்டுக்கு −0.087. அதன் தலைகீழ் 11.5. இதுதான் இந்த அடுக்கின் அடைபடு நீளம்: பதினொன்றரைத் துண்டுகள். ஒவ்வொரு பதினொன்றரைத் துண்டுக்கும் ஊடுருவல் 2.72-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 40 துண்டுக்கு 0.03, 100 துண்டுக்கு 0.00017.

கதிர் 0.10 என்றது, அலை 0.00017 என்கிறது. அறுநூறு மடங்கு வித்தியாசம். சாதாரணக் கருவியாலேயே பிடித்துவிடலாம்.

கணினியில் முதலில் செய்து பாருங்கள்

கண்ணாடியைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை இதற்குச் செலவிடுங்கள். எந்த எண் எப்படி ஊசலாடும் என்று கைக்குப் பழகாமல் ஆய்வகத்துக்குப் போனால், சரியான அளவீட்டையே பிழை என்று தூக்கிப்போட நேரிடும்.

பாடநூல்கள் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு கடத்து அணி (அலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும் எண் கட்டம்) எழுதி அவற்றைப் பெருக்கச் சொல்லும். சிறிய அடுக்குக்கு அது போதும். ஆனால் அணியின் உறுப்புகள் அடுக்கேற்றமாக வளரும். இந்தக் கண்ணாடிக்கு 450 துண்டுகளைத் தாண்டும்போது உறுப்புகள் பத்துக் கோடியை எட்டும், இரட்டைத் துல்லியத்தில் அணிக்கோவை 1 என்பது காணாமல் போகும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கலப்பெண்ணை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கும் வழி இருக்கிறது. பைத்தானில் பத்து வரிக்கு மேல் வராது.

'க' என்பது இதுவரை கட்டிய அடுக்கை வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் எதிரொளிப்பு வீச்சு, ஒரு கலப்பெண். தொடக்கத்தில் பூஜ்யம். 'ம' என்பது ஊடுருவலின் இயல் மடக்கை, அதுவும் பூஜ்யத்தில் தொடங்கும். 'எ' என்பது அடுத்த பரப்பின் எதிரொளிப்பு வீச்சு: காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது −0.206, வெளியேறும்போது +0.206. ஒவ்வொரு பரப்புக்கும் இதைச் செய்யுங்கள்:

0-வுக்கும் 360 பாகைக்கும் நடுவே ஏதோ ஒரு கோணத்தை எடுத்து, 'க'-வை அந்தக் கோணத்தால் சுழற்றுங்கள். அது 'சு'.
வ = 1 − எ × சு
ம = ம + மடக்கை(1 − எ × எ) − 2 × மடக்கை(வ-வின் மட்டு)
க = (சு − எ) ÷ வ

அவ்வளவுதான். இதில் எதுவும் வெடிக்காது. 'க'-வின் மட்டு ஒருபோதும் 1-ஐத் தாண்டாது, 'ம' சீராக இறங்கும். பத்து லட்சம் துண்டுகளுக்கும் ஓட்டலாம்.

சரிபார்க்க மூன்று இடங்கள். ஒன்று, ஒளி எங்கும் தொலையாததால் 1-இலிருந்து 'க'-வின் மட்டு வர்க்கத்தைக் கழித்தால் ஊடுருவல் கிடைக்கவேண்டும். இது பொருந்தாவிட்டால் பெரும்பாலும் 'எ'-யின் குறியை மாற்ற மறந்திருப்பீர்கள். இரண்டு, ஒரே ஒரு துண்டுக்கு ஊடுருவல் 0.843-க்கும் 1-க்கும் இடையிலேயே நிற்கவேண்டும். மூன்று, 100 துண்டு அடுக்கைப் பத்தாயிரம் முறை புதிதுபுதிதாகக் கட்டி 'ம'-வின் சராசரி எடுத்தால் −8.70 வரவேண்டும்.

இப்போது அதே பத்தாயிரம் முயற்சிகளில் மடக்கையை விட்டுவிட்டு ஊடுருவலையே நேரடியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். 0.00017 வராது. 0.017-ஐ ஒட்டி வரும், நூறு மடங்கு பெரிது. இந்த முரணில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான அடுக்குகள் ஏறத்தாழ இருட்டாக இருக்கும். எங்கோ ஒன்றிரண்டு, தற்செயலாக நடுவில் ஒரு ஒத்ததிர்வு அமைந்து, ஒளியை வெள்ளமாகத் திறந்துவிடும். சாதாரணச் சராசரியை நிர்ணயிப்பது அந்த ஒன்றிரண்டுதான். நூறு முயற்சி மட்டும் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருவதும் இதனால்தான். மடக்கையின் சராசரி அப்படி ஆடாது. ஒரு அடுக்கின் இயல்பைச் சொல்லும் எண் அதுதான். எனவே எப்போதும் மடக்கை முதலில், சராசரி பிறகு.

மடக்கையின் பரவற்படியையும் (சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரி) கணக்கிட்டு வையுங்கள். அடுக்கு நீளும்போது அது சராசரியின் அளவைப் போல இரண்டு மடங்கை நெருங்கும். பின்னால் கண்ணாடியில் அளக்கும்போது இந்த உறவு பெரிய சாட்சியாக வந்து நிற்கும்.

அடைபட்ட அலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் கட்டத்தைச் சும்மா எடுக்காமல் தடிமனிலிருந்து வரவையுங்கள். 0.2 முதல் 0.6 மைக்ரான் வரை தடிமன் மாறும் மெல்லிய அடுக்குகளை நூறு எடுங்கள். அலைநீளத்தை 600 முதல் 660 நானோமீட்டர் வரை நகர்த்துங்கள். ஊடுருவல் வரைபடம் இருண்ட தரையில் ஊசிகள் நட்டது போல வரும். ஏதாவது ஒரு ஊசியின் உச்சிக்கு அலைநீளத்தை வைத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒளியின் செறிவைக் காணுங்கள். இதற்கு ஒரே அடுக்கை இடமிருந்தும் வலமிருந்தும் இருமுறை ஓட்டவேண்டும். இடப்பகுதியின் ஊடுருவலை, 1-இலிருந்து இரு பக்க எதிரொளிப்புகளின் பெருக்கலைக் கழித்து வரும் எண்ணின் மட்டு வர்க்கத்தால் வகுத்தால், முன்னோக்கிப் போகும் செறிவு கிடைக்கும். அது அடுக்கின் நடுவே குன்று போல எழுந்து இரு புறமும் அடுக்கேற்றமாகச் சரியும். குன்றின் உச்சியில் உள்ளே விழும் ஒளியைவிடப் பல மடங்கு செறிவு இருக்கும். அதுதான் அடைபட்ட நிலை. ஊசி மெலிதாக இருப்பதால் அலைநீளப் படி பெரிதாக இருந்தால் தாண்டிப் போய்விடும். முதலில் 0.1 நானோமீட்டர் படியில் தேடி, தெரிகிற ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் படியைப் பத்தில் ஒன்றாக்கிக்கொண்டே போங்கள்.

அடுக்கைக் கட்டுவது

தேவையானவை: 22 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப் 80, உடைவதற்கும் கீறலுக்கும் இன்னும் 20. ஒன்றாம் எண் என்றால் தடிமன் 0.13 முதல் 0.16 மி.மீ. வரை. 1 மில்லிவாட் ஹீலியம்-நியான் லேசர், தளவிளைவு பெற்றதாக (மின்புலம் ஒரே திசையில் மட்டும் அதிர்வதாக) இருந்தால் நல்லது. 300 மி.மீ. குவியத் தூர லென்ஸ், 45 பாகையில் நிறுத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, பிபிடபிள்யூ34 போன்ற சிலிக்கான் போட்டோடயோடு, அதன் மின்னோட்டத்தைப் பெருக்க ஆப்-ஆம்ப் ஒன்று, சமையலறை அலுமினியத் தாள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லென்ஸ் துடைக்கும் தாள், கையுறை.

வேண்டுமென்றே ஒழுங்கின்மையை உண்டாக்கத் தேவையில்லை. இந்தக் கண்ணாடியில் 0.21 மைக்ரான் தடிமன் மாறினாலே கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். ஒரே பெட்டியில் வரும் துண்டுகள் பல மைக்ரான் வேறுபடும். கையால் ஒழுங்காக அடுக்குவதுதான் இங்கே முடியாத காரியம்.

ஒவ்வொரு துண்டையும் விளிம்பில் பிடித்து, ஆல்கஹால் நனைத்த தாளால் ஒரே திசையில் ஒருமுறை இழுத்துத் துடையுங்கள். தேய்க்காதீர்கள், நிலைமின்னேற்றம் ஏறித் தூசியை இழுக்கும். இரண்டு எதிர் விளிம்புகளில் அலுமினியத் தாளை 2 மி.மீ. அகலத்தில் நறுக்கி வையுங்கள். அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். இந்த இடைவெளி இல்லாவிட்டால் சில துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பரப்பே இல்லை என்று ஒளி நினைத்துக்கொள்ளும், இரண்டு பரப்புகள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். மேலிருந்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வண்ண வளையங்கள் தெரிந்தால் இடைவெளி மிக நெருங்கியிருக்கிறது. வளையங்களின் நடுவே கரும்பொட்டு தெரிந்தால் அங்கே ஒட்டிவிட்டது. பிரித்துத் துடைத்து மீண்டும் வையுங்கள்.

அடுக்கைப் படுக்கையாக வைத்து ஒளியை மேலிருந்து இறக்குவது வசதி. 45 பாகைக் கண்ணாடி கற்றையைக் கீழே திருப்பும், நடுவில் துளையிட்ட பலகைமேல் அடுக்கு, பலகைக்கு 30 செ.மீ. கீழே 2 மி.மீ. துளை, அதன் பின்னால் போட்டோடயோடு. துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே வைத்துக்கொண்டே போகலாம், அழுத்தவேண்டியதில்லை. பலகையை அரைப் பாகை சாய்த்துவிடுங்கள். இந்த அடுக்கு நல்ல முகம் பார்க்கும் கண்ணாடி என்பதை மறக்கவேண்டாம். விழும் ஒளி ஏறக்குறைய முழுவதும் திரும்பி வரும். நேராக லேசருக்குள் போனால் லேசர் தடுமாறும், கண்ணுக்குள் போனால் ஆபத்து. திரும்பும் கற்றை விழும் இடத்தில் கறுப்பு அட்டை ஒன்று நிற்கட்டும்.

லென்ஸ் எதற்கு? அலுமினியத் தாள் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. 22 மி.மீ. அகலத்தில் 10 மைக்ரான் ஏறினால், 1 மி.மீ. அகலக் கற்றைக்குள்ளேயே குறுக்கீட்டு வரிகள் ஒன்றரை விழும். அப்போது கற்றையின் இடது ஓரம் பார்க்கும் அடுக்கும் வலது ஓரம் பார்க்கும் அடுக்கும் வேறு வேறு. திரும்பத் திரும்பத் துள்ளும் ஒளி பக்கவாட்டில் நகர்ந்து, சேரவேண்டிய பாதைகள் சேராமல் போகும். விடை மெல்லக் கதிர்க் கணக்கை நோக்கி நகரும். 300 மி.மீ. லென்ஸ் கற்றையை 0.3 மி.மீ. அளவுக்குச் சுருக்கும். அந்த அகலத்தில் வரி அரைக்கும் குறைவு. இதைவிடச் சிறிதாக்கினால் கற்றை விரைவாக விரியும். 0.3 மி.மீ. என்றால் 11 செ.மீ.வரை விரியாமல் தாங்கும், இந்த அடுக்குக்குத் தாராளம்.

லேசர் சுட்டி போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது, ஆனால் காரணம் வழக்கமாகச் சொல்லப்படுவது இல்லை. ஓரியல்பு குறைந்த ஒளியில் (பல அலைநீளங்கள் கலந்த ஒளியில்) அடைபாடே நடக்காது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு அலைநீளமும் தன் போக்கில் அடைபடத்தான் செய்யும், வெள்ளொளியிலும்கூட. சிக்கல் அளவீட்டில்தான். நூறு துண்டு அடுக்கின் ஒளியியல் நீளம் சுமார் 24 மி.மீ., அதன் ஒத்ததிர்வுகள் 0.008 நானோமீட்டருக்கு ஒன்று. மலிவான சுட்டியின் அலைநீளப் பரவல் ஒரு நானோமீட்டர் அளவுக்குப் போகலாம். அப்படியானால் நூற்றுக்கு மேற்பட்ட ஒத்ததிர்வுகளைக் கூட்டி அதன் சாதாரணச் சராசரியைத்தான் உங்கள் கையில் தரும். 40 துண்டுக்கு 0.03 எதிர்பார்ப்பீர்கள், 0.13 வரும். அடைபடவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஹீலியம்-நியான் லேசரின் பரவல் 0.002 நானோமீட்டர், ஒத்ததிர்வு இடைவெளிக்குள் அடங்கும். ஒரு நானோமீட்டர் பிரிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் இதே கதிதான்.

அளவெடுப்பு

அடுக்கு இல்லாமல் போட்டோடயோடு சுமார் 0.4 மில்லியாம்பியர் தரும். 80 துண்டில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டத் தடையை 10 கிலோ ஓமிலிருந்து 10 மெகா ஓம்வரை நான்கு படிகளாக மாற்றும் வசதி இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் லேசரை மறைத்து இருட்டு அளவைக் குறித்துக் கழியுங்கள்.

5, 10, 20, 30, 40, 60, 80 துண்டுகளில் நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குறைந்தது 30 அளவு. பலகையை 1 மி.மீ. நகர்த்தி ஐந்து இடங்களில் எடுத்து, பிறகு துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து மீண்டும் அடுக்கி இன்னும் ஐந்து என்று போங்கள். நகர்த்துவதால் மட்டும் முழுக்கப் புதிய அடுக்கு கிடைத்துவிடாது, கலைப்பது அவசியம். கை வைத்த சூடு தணியப் பத்து நிமிடம் காத்திருங்கள். நீண்ட அடுக்கில் சூட்டில் ஒளி கூடிக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

40 துண்டில் ஒரு அளவு 0.3 என்றும் அடுத்தது 0.004 என்றும் வந்தால் பதறவேண்டாம். கருவி சரியாகத்தான் இருக்கிறது. 30 அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் சந்தேகப்படவேண்டும்: கற்றை அகலமாக இருக்கிறது, அல்லது எங்கிருந்தோ திருட்டு ஒளி நுழைகிறது. திருட்டு ஒளியைப் பிடிக்க, அடுக்கின் நடுவே ஒரு கறுப்புத் தாளைச் செருகி அளங்கள். வரும் எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் அது விளிம்பைச் சுற்றி வந்த ஒளி. அடுக்கின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள். துண்டு கூடக்கூட வரைபடம் ஒரு மட்டத்தில் தட்டையாகி நின்றாலும் இதே நோய்தான்.

மடக்கைச் சராசரியைத் துண்டு எண்ணிக்கைக்கு எதிராக வரையுங்கள். நேர்க்கோடு வந்து, சாய்வு துண்டுக்கு −0.087-ஐ ஒட்டியிருந்தால் கைகூடியது. கதிர்க் கணக்கு வளைந்து தட்டையாகும், இது வளையாது. சாய்வின் அளவு குறைவாக வந்தால் ஒட்டிக்கொண்ட துண்டுகளைத் தேடுங்கள். அதிகமாக வந்தால் கண்ணாடி அழுக்கு.

விழுங்கலா, அடைபாடா

நேர்க்கோடு வந்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடக்கூடாது. அழுக்குக் கண்ணாடியும் அடுக்கேற்றமாகத்தான் ஒளியைக் குறைக்கும். 1997-இல் காலியம் ஆர்செனைடு பொடியில் ஒளி அடைபட்டதாக வந்த அறிவிப்பு, அது வெறும் உட்கவர்தலாக இருக்கலாமே என்ற மறுப்பைச் சந்தித்தது இந்த இடத்தில்தான். நம் அடுக்கில் இதைத் தீர்க்க மூன்று வழி உண்டு, மூன்றையும் செய்யவேண்டும்.

முதலாவது எண்ணெய். நுண்ணோக்கி அமிழ்வு எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, கண்ணாடிக்கு மிக அருகில். 40 துண்டுகளை இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குமிழி இல்லாமல் அடுக்குங்கள். பரப்புகளின் எதிரொளிப்பு இல்லாமலேயே போகும், கண்ணாடி அப்படியே இருக்கும். இப்போது அடுக்கு மீண்டும் தெளிந்த கண்ணாடிக் கட்டியாகி, ஒளியில் பெரும்பங்கு கடந்து போகவேண்டும். வெளிப் பரப்புகள் இரண்டும் திருப்பும் 8 சதவீதத்துக்கு மேல் குறைவதுதான் உண்மையான விழுங்கலும் சிதறலும். முன்பு அளந்த மடக்கையிலிருந்து அதைக் கழியுங்கள். கிளிசரின் எண் 1.47. எண்ணெய் கிடைக்காத இடத்தில் அதுவும் கைகொடுக்கும்.

இரண்டாவது ஊசலாட்டம். விழுங்கல் எல்லா அடுக்கையும் ஒரே அளவில் இருட்டாக்கும், அளவுகளைச் சிதறவிடாது. மடக்கையின் பரவற்படி சராசரியோடு சேர்ந்து வளர்ந்தால் அது குறுக்கீட்டின் வேலை. ஜெனாக் குழு 2000-இல் நுண்ணலையில் செய்த சோதனைகளும் இதே சிந்தனையில்தான் நின்றன: சராசரியை நம்பாதே, ஊசலாட்டத்தைப் பார்.

மூன்றாவது புரூஸ்டர் கோணம். மூன்றில் மிக அழகானது இது. 30 துண்டுகளை இரண்டு கறுப்பு அட்டைச் சட்டங்களுக்கு நடுவே மெல்லக் கவ்வி, சுழலும் மேடையில் நிறுத்தி, கற்றைக்கு 56.7 பாகை சாயுங்கள். கற்றை பக்கவாட்டில் சுமார் இரண்டு மி.மீ. நகரும், துளையை அதற்கேற்ப நகர்த்துங்கள். இப்போது லேசரின் தளவிளைவைத் திருப்புங்கள். மின்புலம் படுதளத்துக்கு (விழும் கதிரும் திரும்பும் கதிரும் அமையும் தளத்துக்கு) செங்குத்தாக இருக்கும்போது ஒவ்வொரு பரப்பும் 15.7 சதவீதத்தைத் திருப்பும், அடைபடு நீளம் மூன்று துண்டுக்கும் குறைவு, மறுபக்கம் இருட்டு. 90 பாகை திருப்புங்கள். மின்புலம் படுதளத்திலேயே விழும்போது எந்தப் பரப்பும் எதையும் திருப்பாது. சுவராக நின்ற அதே முப்பது துண்டுகள் ஜன்னலாகிவிடும். தடிமனின் ஒழுங்கின்மை துளிகூடக் குறையவில்லை, ஒளி கடக்கும் கண்ணாடியின் அளவும் மாறவில்லை. விழுங்கல்தான் காரணம் என்றால் இப்படி மீண்டும் ஒளி வந்திருக்காது. ஒழுங்கற்ற அடுக்கில் இந்தக் கோணத்தில் அடைபடு நீளம் எல்லையின்றி நீளும் என்று 1988-இல் சைப், ஷெங், வைட், கோஹன் ஆகியோர் எழுதினார்கள். கோணம் ஒரு பாகை தவறினாலும் கெடுதல் இல்லை, அப்போதும் எதிரொளிப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான்.

மெல்லிய படலத்தில் செய்கிறவர்களுக்கு

டைட்டானியம் டை ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறிப் படிய வைக்கும் வசதி உள்ளவர்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரிலேயே ஊசிகளைப் பார்க்கலாம், அடுக்கு மெலிது என்பதால் ஒத்ததிர்வுகள் சில நானோமீட்டர் தள்ளித்தள்ளி வரும். ஒளிவிலகல் எண்கள் 2.35, 1.46 என்றால் அடைபடு நீளம் சுமார் ஒன்பது இணை.

இங்கே எச்சரிக்கை வேறு. படியவைக்கும் கருவி ஒழுங்கானது, ஒழுங்கின்மையை நீங்கள்தான் போடவேண்டும். கால் அலைநீளத் தடிமனைச் சுற்றி ஐந்து சதவீதம் மட்டும் மாற்றினால் கிடைப்பது கொஞ்சம் கலங்கிய பிராக் கண்ணாடி, அதாவது ஒழுங்காக மாறி மாறி அமைந்த படலங்களால் ஒளியைத் திருப்பும் அடுக்கு. அதுவும் அடுக்கேற்றமாகத்தான் ஒளியைத் தடுக்கும், ஆனால் தடுப்பது ஒழுங்கு, அதுவும் இணைக்கு 0.95 என்ற வேகத்தில், ஒழுங்கின்மை தரும் 0.11-ஐவிட மிக வேகமாக. இரண்டையும் பிரித்தறிய அகன்ற அலைநீளப் பரப்பில் பாருங்கள். பிராக் தடை ஒரு பட்டையில் மட்டும் இருக்கும். அடைபாடு எல்லா அலைநீளத்திலும் பரவி, ஊசிகளோடு இருக்கும். ஒவ்வொரு படலத்தின் தடிமனும் குறைந்தது அரை அலைநீள அளவுக்கு, அதாவது 600 நானோமீட்டர் ஒளிக்கு டைட்டானியம் படலத்தில் 130, சிலிக்காவில் 205 நானோமீட்டர் அகலத்துக்கு, எங்கு வேண்டுமானாலும் விழும்படி எண்களை எடுங்கள். எடுத்த தடிமன் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அதே பட்டியலை மேலே சொன்ன பத்து வரிக் கணக்கில் ஊட்டி, எந்த ஊசி எந்த அலைநீளத்தில் நிற்கவேண்டும் என்று ஒப்பிடலாம். படிந்த தடிமன் ஒவ்வொன்றும் இரண்டு சதவீதம் பிசகினாலே ஊசிகள் இடம் மாறும் என்பதால், ஊசிக்கு ஊசி பொருந்தும் என்று எதிர்பார்க்காமல் ஊசிகளின் நெருக்கத்தையும் மடக்கையின் சராசரியையும் ஒப்பிடுங்கள்.